நாற்பத்து மூன்று நெஞ்சுப் படங்கள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. எக்ஸ்ரே அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு இருபத்தாறு வருடமாக ஒரே வசனத்தைச் சொல்லி வந்தவள். "மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. விட்டுடலாம்." ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத யாராவது அவளைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் முகம் மாறாமல் "விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவாள்.

முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. "போன வருஷம் வந்தேனேக்கா" என்று யாராவது சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். அதே ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, படம் திரையில் வந்துவிட்டால் போதும். "அட, நீங்களா. இடது பக்கம் நாலாவது விலா எலும்பு ஒடிஞ்சு கோணலா ஒட்டினவர்தானே" என்பாள். ஆளை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு எலும்பு வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே அறை தரைத்தளத்தில், நடைவழியின் கடைசியில் இருந்தது. ஈயத் தகடு வைத்த கனமான கதவு. அதைத் தோளால் முட்டித்தான் தள்ள வேண்டும்; அதனாலேயே அக்காவின் வெள்ளைக் கோட்டில் இடது தோள் மட்டும் நைந்து போயிருந்தது. உள்ளே சுவரோரம் மோவாய் வைத்துக்கொள்ளும் பலகை, கொக்கியில் தொங்கும் ஈய அங்கி, ஒரு கால் குட்டையாகிப் போனதால் அட்டை மடித்து முட்டுக் கொடுத்த நாற்காலி. படம் எடுத்து முடித்ததும் தட்டை ஒரு பெட்டிக்குள் செருக வேண்டும். பெட்டி அந்தத் தட்டைப் படித்துப் பக்கத்திலிருக்கும் கணினிக்கு அனுப்பும். அரை நிமிடத்தில் விலா எலும்புகள் திரையில் வந்து நிற்கும்.

அந்தக் கணினிக்கு வயது பதினாலு. வாங்கும்போது வெள்ளையாக இருந்தது, காவியேறிய பல் மாதிரி மஞ்சளாகியிருந்தது. ஆனால் ஓடியது. அதுதான் சிக்கலே. கெட்டுப் போயிருந்தால் என்றைக்கோ மாற்றியிருப்பார்கள்.

அதில் என்ன கோளாறு என்று அக்காவுக்கு முதலில் சொன்னவர் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்று பெயரே தவிர, அவர் ஒருவர்தான் பிரிவு. யார் என்ன கோளாறு சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் ரீஸ்டார்ட் சார். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மை காய்ந்து போன பிரிண்டரைச் சரி பண்ண வந்தவர், கணினிக்கு முன்னால் குனிந்து எதையோ பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"இந்த கம்ப்யூட்டரை ஓட்டற சாஃப்ட்வேர் இருக்குல்லக்கா, அதைப் பண்ணின கம்பெனி கையைக் கழுவிட்டாங்க. நாலு வருஷம் ஆச்சு."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும். ஆனா எந்த சாஃப்ட்வேர்லயும் ஓட்டை இருக்கும்கா. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கக் கம்பெனிக்காரங்க அடைச்சுக்கிட்டே வருவாங்க. அதைத்தான் அப்டேட்டுங்கிறோம். இதுக்கு இனிமே அடைக்க ஆள் கிடையாது. புதுசா ஒரு ஓட்டை தெரிய வந்தா, அது திருடனுக்கு மட்டும்தான் உபயோகம்."

"அப்போ புதுசு போட வேண்டியதுதானே?"

"போடலாம். போட்டா உங்க தட்டு படிக்கிற பெட்டி அதோட பேசாது. பெட்டியையும் மாத்தணும். பெட்டி செஞ்சவங்களோ கடையை மூடிட்டுப் போயிட்டாங்க."

"செருப்புக்காகக் காலை வெட்டற கதையா இருக்கு."

"அதேதான். இது தனியா இருக்கிற வரைக்கும் பயமில்லை. வெளியிலேர்ந்து ஒரு வயரும் இதுக்குள்ள வராம பார்த்துக்குங்க. பென் டிரைவ் எதையும் போட விடாதீங்க. புது கம்ப்யூட்டர்ல எல்லாம் பென் டிரைவ் சொருகற இடத்தையே நான் பூட்டிடுவேன். இதுல முடியாது, உங்க பெட்டி ஓடறதுக்குச் சாவின்னு பென் டிரைவ் மாதிரியே ஒண்ணு கொடுத்திருக்காங்க, அது அங்கதான் சொருகியிருக்கு."

அன்றைக்கே அக்கா ஒரு தாளில் 'இதில் பென் டிரைவ் போடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினாள்.

இரண்டு வருடம் அந்தக் கணினி தனிக்குடித்தனமாக இருந்தது. அதன் பிறகு ஒருநாள் நிர்வாக அதிகாரி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வைத்தவர், ஒழுகிக்கொண்டிருந்த பிரசவ வார்டின் கூரையை மாற்றியவர். மருத்துவமனையில் இருபது தலைவலி என்றால் பத்தொன்பது அவர் தலையில்தான். இனிமேல் எக்ஸ்ரே படத்தை ஃபிலிமில் அச்சடித்துக் கொடுக்கப் போவதில்லை, டாக்டர்கள் தங்கள் அறையிலேயே திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். நல்ல முடிவுதான். அதற்கு ஒரு வயர் வேண்டும். நடைவழிக் கூரையோடு ஒரு நீல வயர் ஊர்ந்து வந்து, கதவுக்கு மேலே துளை போட்டு, அக்காவின் கணினிக்குள் புகுந்தது.

ரீஸ்டார்ட் சார் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். "இத்தனை வருஷமா ஓடுதுல்ல?" என்றார் நிர்வாக அதிகாரி. ரீஸ்டார்ட் சார் வயரைச் செருகிவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு தெருவுக்கு ஒரு மாடிக்கட்டடம் இருந்த அந்த ஊரில், பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கியது. சாயங்காலம் அடுப்படியில் அவர் கைக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வயர் சங்கதியைச் சொன்னாள்.

"நின்ன லிஃப்டுக்கு நாங்க பயப்பட மாட்டோம்" என்றார் அவர். "நின்னா ஜனங்க மாடிப்படில நடந்து போவாங்க, திட்டுவாங்க, அவ்வளவுதான். ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டுதான் பயம். மேல கயிறு ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டிருக்கும், கீழ பட்டனைத் தட்டினா ஜம்முனு வந்து நிக்கும். அதுக்குத்தான் வருஷா வருஷம் சோதனை. உன் மிஷினுக்கு யார் சோதனை?"

"யாரும் இல்லை."

"அப்போ எழுதிக் கொடு. வாயால சொன்னது காத்தோட போயிடும்."

அக்கா எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கம். கணினியின் மென்பொருளுக்கு அதைச் செய்த நிறுவனம் இனி பாதுகாப்புத் தருவதில்லை, அதை மற்ற கணினிகளோடு இணைத்திருப்பது ஆபத்து, மாற்றித் தர வேண்டும் என்று. ஆறு மாதத்துக்கு ஒன்று வீதம் மூன்று வருடத்தில் ஆறு கடிதம். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தாள். முதல் இரண்டுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்றாவதற்குப் பிறகு பதில் வரவில்லை. அவளைப் பார்த்தால் நிர்வாக அதிகாரி "உங்க காதல் கடிதம் வந்து சேர்ந்துச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா சிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

ஆறாவது கடிதம் கொடுத்துச் சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் தன் மாமனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பெரியவருக்கு நெஞ்சுவலி, மூச்சு வாங்கியது. படத்தில் இதயத்துக்கு மேலே பெரிய ரத்தக்குழாய் வீங்கித் தெரிந்தது. நெஞ்சு டாக்டரம்மா அறைக்கே இறங்கி வந்துவிட்டார். உயரமான, அளந்து பேசுகிற பெண்மணி. அடுத்த பத்து நிமிடத்தில் அவர் வேறொருவரின் ஆபரேஷனுக்காகத் தியேட்டரில் இருக்க வேண்டும்.

"இந்த வீக்கம் முன்னாடியே இருந்ததா, இப்போ வந்ததா? பழைய படம் ஏதாவது இருக்கா?"

மருமகள் கைப்பையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்தாள். "வேற ஊர்ல போன வருஷம் ஸ்கேன் எடுத்தோம் டாக்டர். இதுலதான் போட்டுக் கொடுத்தாங்க."

டாக்டரம்மாவின் அறைக் கணினியில் பென் டிரைவ் போட முடியாது; ரீஸ்டார்ட் சார் பூட்டி வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மருமகள் பென் டிரைவை நீட்டியபடியே நின்றாள்.

அக்கா தான் ஒட்டிய தாளைப் பார்த்தாள். அப்புறம் பென் டிரைவை வாங்கிச் செருகினாள்.

ஸ்கேன் திறந்தது. வீக்கம் பழையதுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. "கத்தி வேண்டாம், மருந்துலயே பார்த்துக்கலாம்" என்று டாக்டரம்மா சீட்டு எழுதிவிட்டு ஓடினார். பெரியவர் மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். அக்கா பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கணினியைப் போட்டபோது நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் நின்றன. ஒரு படத்தைத் திறந்தாள், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. பிறகு திரை முழுக்கக் கறுத்து நடுவில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள், ஆறு நாள் அவகாசம். மரியாதையான மொழியில் எழுதியிருந்தார்கள்.

அவள் முதலில் செய்தது, கணினிக்குப் பின்னால் கையை விட்டு நீல வயரைப் பிடுங்கியது. அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. பூட்டும் வேலையை அது விடியும் முன்பே முடித்துவிட்டு, கடிதத்தை மட்டும் கடைசியில் காட்டியிருந்தது.

ரீஸ்டார்ட் சார் ஓடி வந்தார். அன்றைக்கு அவர் யாரையும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. மதியத்துக்குள் கணக்கு தெரிந்துவிட்டது. மருத்துவமனையின் அறுபது கணினிகளில் விழுந்தது நாலு. எக்ஸ்ரே அறையுடையது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்று, பல் பிரிவில் ஒன்று, எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்திருந்த பெரிய கணினி. நாலும் ஒரே காலத்தில் வாங்கியவை, ஒரே பழைய மென்பொருளில் ஓடியவை. மற்ற ஐம்பத்தாறும் முந்தைய மாதம்வரை ஓட்டை அடைக்கப்பட்டவை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வைரஸ் போய்விட்டிருந்தது.

"படங்களுக்கு இன்னொரு நகல் இருக்குன்னு சொன்னீங்களே" என்று நிர்வாக அதிகாரி கேட்டார்.

"இருந்தது சார். அந்தப் பெரிய கம்ப்யூட்டரோடவே சேர்த்து மாட்டியிருந்த டிஸ்க்ல. அதையும் பூட்டிட்டான்."

"ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல மாட்டி வச்ச மாதிரி."

"ஆமா சார். அது என் தப்புதான்."

பணம் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. கொடுத்தாலும் சாவி வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பதினாலு வருடப் படங்கள் போயின.

பிறகு வழக்கமாக நடப்பது நடந்தது. இது எப்படி உள்ளே வந்தது என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். எந்தக் கணினியில் யார் எப்போது எதைச் செருகினார்கள் என்ற குறிப்பைப் புதிய கணினிகள் பத்திரமாக எழுதி வைத்திருந்தன. பழையது வைத்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் வைரஸ் சுரண்டிவிட்டது. மின்னஞ்சல் வழியாக வந்திருக்கலாம், பல் பிரிவிலிருந்து வந்திருக்கலாம் என்று ரீஸ்டார்ட் சார் எழுதினார். அக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அதோடு மூடிவிடும். பென் டிரைவைச் செருகியதைப் பார்த்தவர்கள் டாக்டரம்மாவும் மருமகளும்தான். டாக்டரம்மாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் போட்டியா?"

"நான்தான்."

"போடக்கூடாதுன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான். அந்தப் பெரியவர் மூச்சு வாங்கிக்கிட்டிருந்தார்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ கேட்கவும் மாட்டே. ஆனா வெறுங்கையோட போகாதே. அந்த ஆறு லெட்டரையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் அவள் குழுவின் முன்னால் உட்கார்ந்து, தேதி, நேரம், பெரியவரின் நிலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னதால் குழுவுக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரியவில்லை. பிறகு கடித நகல்களை மேஜைமேல் வைத்தாள். குழுவின் தலைவர் ஆறையும் படித்தார். ஆறிலும் அதே அரைப் பக்கம்தான், தேதி மட்டும் வேறு. நிர்வாக அதிகாரி மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. ரீஸ்டார்ட் சாருக்கும் வந்தது. நிர்வாக அதிகாரிக்கு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. 'காதல் கடிதம்' என்ற பேச்சு மட்டும் அதோடு நின்றது.

பக்கத்து மருத்துவமனையிலிருந்து தள்ளிக்கொண்டு வரும் எக்ஸ்ரே கருவி ஒன்றை இரவல் வாங்கினார்கள். கை கால் முறிவுக்கு அது போதும். நெஞ்சு டாக்டரம்மாவுக்குப் போதவில்லை. அவருடைய நோயாளிகள் சிலருக்கு நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல் இருக்கும். அது வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பழைய படம் வேண்டும். அப்படிக் கண்காணிப்பில் இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். டாக்டரம்மா பெயர்களைக் கையால் எழுதி அக்காவிடம் கொடுத்தார்.

"இவங்ககிட்ட ஏதாவது இருக்குமான்னு கேட்டுப் பாருங்க. ஃபிலிம், ஃபோன்ல எடுத்தது, எதுவா இருந்தாலும்."

அக்கா பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து, மதிய உணவு இடைவேளைகளில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பேரைச் சொன்னால் பலருக்குப் புரியவில்லை. "மூச்சை இழுங்கன்னு சொல்வேனே" என்றதும் புரிந்துகொண்டார்கள். நீல வயர் வருவதற்கு முன்னால் படம் எடுத்தவர்கள் வீட்டில் ஃபிலிம் இருந்தது. இருந்த இடம்தான் வினோதம். ஒருவர் வீட்டில் மெத்தைக்கு அடியில். ஒரு தையற்காரர் தன் நெஞ்சுப் படத்தைக் காலர் அளவுக்கு வெட்டி வைத்திருந்தார். நல்லவேளை, நிழல் இருந்த பக்கத்தை வெட்டவில்லை. ஒரு வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் சூரிய கிரகணம் பார்ப்பதற்காகத் தெருவே அதை வாங்கிப் போயிருந்தது. மூன்று வீடு தள்ளிக் கண்டுபிடித்தார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவே போனாள். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். லிஃப்ட் இருக்கும் கட்டடமாக இருந்தால் அவள் திரும்பி வருவதற்குள் அவர் மோட்டார் அறையை ஒரு நோட்டம் விட்டிருப்பார்.

ஏழு வாரத்தில் பதினேழு பேருக்கு ஃபிலிம் கிடைத்தது. ஒன்பது பேர் அப்போது டாக்டரம்மாவின் திரையைத் தங்கள் ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆறு பேர் வேறு இடங்களிலும் படம் எடுத்திருந்தார்கள், அங்கிருந்து வாங்க முடிந்தது. பதினொரு பேருக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பதினொருவரில் ஒருவர் டைல்ஸ் அறுப்பவர். வயது நாற்பது சொச்சம். தரைக்குப் போடும் கல்லை அறுத்து அறுத்து, எப்போது பார்த்தாலும் புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல்முறை வந்தவர். அதற்குள் ஃபிலிம் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். இப்போது எடுத்த படத்தில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு நிழல் இருந்தது. பழைய பதிவேட்டில் 'வலது மேல்பக்கம் சிறு நிழல், கவனிக்கவும்' என்று ஒரு வரி. அளவு எழுதவில்லை.

அக்காவுக்கு அந்த நெஞ்சு நினைவிருந்தது. டாக்டரம்மாவிடம் போனாள்.

"அப்பவும் இதே அளவுதான் டாக்டர். ரெண்டாவது எலும்புக்கும் மூணாவதுக்கும் நடுவுல, இதே மாதிரிதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா உங்க ஞாபகத்தை நம்பி நான் சும்மா இருந்துட்டு, நாளைக்கு அது வேற ஏதாவதா இருந்தா?"

ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதுகு வழியாக ஊசி போட்டார்கள். நூறில் சிலருக்கு நடப்பது அவருக்கு நடந்தது. ஊசி போன வழியில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் நிறைந்தது. விலாவில் குழாய் போட்டு, குழாயின் மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டு, ஐந்து நாள் படுக்கையில் வைத்தார்கள். அவர் இருமும்போதெல்லாம் புட்டியில் குமிழி கிளம்பியது. அக்கா தினமும் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய் அவர் கட்டிலோரம் நின்றுவிட்டு வந்தாள்.

"நீங்க விட்டுடலாம்னு சொன்னதைக் கேட்டேன்கா" என்றார் அவர் இரண்டாம் நாள். "அது வேற பக்கமா விட்டுடுச்சு."

அவர் மனைவி சிரிக்கவில்லை. அக்காவுக்கும் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் முடிவு வந்தது. பழைய தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். பழைய படம் இருந்திருந்தா இந்த ஊசி வேண்டியிருக்காதாமே. நர்ஸம்மா சொன்னாங்க."

"வேண்டியிருக்காது."

"கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து எல்லாம் போச்சுன்னாங்க. அது எப்படி வந்தது?"

"நான் ஒரு பென் டிரைவைப் போட்டேன். அதுலேர்ந்து வந்தது."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அக்காவுக்கு ஆறு கடிதத்தைப் பற்றியோ, மூச்சு வாங்கிய பெரியவரைப் பற்றியோ சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. விலாவில் குழாயோடு இருப்பவரிடம் அதைச் சொல்வது தன் பாரத்தை அவர் தலையில் இறக்குவதாக இருக்கும் என்று பட்டது.

டைல்ஸ்காரர் புட்டியைப் பார்த்தார். "நான் வேலை பாக்கற இடத்துல கல் அறுக்கிற மிஷினுக்கு ஒரு மூடி உண்டு. கழண்டு மூணு வருஷம் ஆச்சு. எல்லாரும் அது இல்லாமதான் அறுக்கறோம். என்னைக்காவது ஒருத்தன் விரல் போனா, போனவன் கவனமா இல்லைன்னுதான் சொல்வாங்க." ஒருமுறை இருமினார், குமிழி கிளம்பியது. "நீங்க கவனமா இல்லைதான். ஆனா மூடியும் இல்லை."

அவர் மனைவி மட்டும், அக்கா கிளம்பும்போது கூடவே வாசல்வரை வந்தாள். "மூணு வாரம் வேலைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. அவரு பேசற மாதிரி என்னால பேச முடியலைக்கா" என்றாள். "நீங்க பேச வேண்டாம்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அந்த மனைவி அவளோடு பேசவில்லை.

ஏழு மாதம் கழித்துப் புது எக்ஸ்ரே கருவி வந்தது. தட்டு இல்லை, பெட்டி இல்லை. எடுத்த கையோடு படம் திரையில் வந்து நின்றது. படங்களுக்கு இப்போது இரண்டு நகல். ஒன்றை ரீஸ்டார்ட் சார் வாரம் ஒருமுறை கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறு கட்டடத்தின் இரும்பு அலமாரியில் பூட்டினார். கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். கடைசியில் சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இதோட சாஃப்ட்வேருக்கு எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பீங்க?"

"அதெல்லாம் ரொம்ப நாள் இருக்கு மேடம். பத்து வருஷம். இப்பவே எதுக்குக் கவலை?"

"தேதி சொல்லுங்க."

அவர் யாரையோ ஃபோனில் கேட்டுத் தேதி சொன்னார். அக்கா அதை மருந்துப் புட்டியில் காலாவதி எழுதுவது போல ஒரு வெள்ளைப் பட்டையில் எழுதித் திரையின் மேல் விளிம்பில் ஒட்டினாள். புது மிஷின் அசிங்கமாகத் தெரிகிறது என்று நிர்வாக அதிகாரி ஒரு தடவை முணுமுணுத்தார். எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, எல்லாக் கணினிகளிலும் மற்ற கருவிகளிலும் அப்படி ஒட்டச் சொல்லி அவரே உத்தரவு போட்டார். ஒட்டிக்கொண்டே போனதில் ஐந்து கருவிகளுக்குத் தேதி ஏற்கனவே தாண்டியிருந்தது தெரிந்தது. மூன்றை அந்த வருடமே மாற்றினார்கள். மற்ற இரண்டின் வயரைப் பிடுங்கித் தனியாக வைத்தார்கள்.

புதுக் கருவியின் தேதிக்கு நாலு வருடம் முன்னாலேயே அக்கா ஓய்வு பெற்றிருப்பாள். அப்போது அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று தெரியாததால் 'இந்த இடத்தில் வேலை பார்ப்பவருக்கு' என்று ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதினாள். தேதி இன்னது, அதற்கு இரண்டு வருடம் முன்பே கேட்க ஆரம்பிக்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும். கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சுருக்கமாத்தான் இருக்கு. கீழே உன் பேரைப் போடு."

அக்கா தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை எக்ஸ்ரே அறைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினாள்.